கடவுச்சொல்லா, பாஸ்வேர்டா, மோ த பாஸா: மொரீஷியஸ் தமிழ் வகுப்புக்கு எந்தச் சொற்கள்?

மொரீஷியசில் கோயிலை ஒட்டி நடக்கும் மாலைநேரத் தமிழ் வகுப்புகளில் பழங்களின் பெயர் வந்துவிடும், பறவைகளின் பெயர் வந்துவிடும், உறவுமுறையும் வந்துவிடும். பிள்ளைகள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் விஷயங்களுக்குத்தான் சொல் கிடைக்காது. படம் அனுப்புவது, விளையாட்டை இறக்குவது, சார்ஜ் தீர்ந்துபோவது, கடவுச்சொல் மறந்துபோவது பற்றியெல்லாம் அவர்கள் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல முயன்றால், பாதியிலேயே இந்தத் தீவின் அன்றாடப் பேச்சுமொழியான, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோலுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் எங்கள் வகுப்புக்காக ஒரே தாளில் அடங்கும் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம் என்று முடிவாயிற்று. தயாரிக்க உட்கார்ந்ததும் எழுந்த கேள்வி, எந்தத் தமிழை எழுதுவது என்பதுதான்.

மூன்று வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் உருவான கலைச்சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: கணினி, கோப்பு, கடவுச்சொல். அல்லது தமிழ்நாட்டில் மக்கள் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதலாம்: கம்ப்யூட்டர், ஃபைல், பாஸ்வேர்ட். அல்லது இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரிந்த கிரியோல், பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தரலாம்: ஓர்தினாத்தேர் (கணினி), போர்த்தாப் (கைபேசி), மோ த பாஸ் (கடவுச்சொல்).

என் வேலை, இந்தத் தீவில் கணினி நிறுவனங்கள் நிறைந்த எபேன் பகுதியில். ஆங்கிலத்தில் வரும் மென்பொருள் உதவிப் பக்கங்கள் எங்கள் அலுவலகத்தில் பிரெஞ்சுக்கும் ஸ்பானியத்துக்கும் போகின்றன. நான் பிரெஞ்சுப் பக்கம். ஆனால் ஸ்பானியக் குழுவின் விவாதங்கள் காதில் விழுந்தபடியே இருக்கும். தமிழைப் போலவே ஸ்பானியமும் பல நாடுகளில் பேசப்படும் மொழி. கணினிச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்தே வந்து சேர்ந்த மொழி. நாம் இப்போது கேட்கும் கேள்வியை அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் கண்ட விடையை அருகில் வைத்துக்கொண்டால் நம் முடிவு எளிதாகும் என்று நினைக்கிறேன்.

கணினியிலிருந்தே தொடங்கலாம். ஸ்பெயினில் அதற்கு ஓர்தெனதோர் என்று பெயர். மெக்சிகோ, அர்ஜெந்தினா, பெரு போன்ற நாடுகளில் கொம்புத்தாதோரா. கொலம்பியாவிலும் சிலேயிலும் கொம்புத்தாதோர். ஸ்பெயினுக்குப் பக்கத்து வீடு பிரான்ஸ். அங்கே 1955-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, தன் புதிய இயந்திரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று ஷாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியரைக் கேட்டது. அவர் தந்த சொல் ஓர்தினாத்தேர், அதாவது ஒழுங்குபடுத்துவது. ஸ்பெயின் அந்தச் சொல்லின் சாயலில் தன் சொல்லை அமைத்துக்கொண்டது. அமெரிக்காவுக்கு அருகில் இருந்த நாடுகளோ ஆங்கிலத்தின் சாயலில் அமைத்துக்கொண்டன. ஒரே மொழிதான், ஆனால் அக்கம்பக்கம் வேறு, அதனால் சொல்லும் வேறு. யாரும் யாரையும் வெல்லவில்லை. இரண்டு சொற்களும் அகராதியில் இருக்கின்றன.

இதைக் கவனித்தபோதுதான் மொரீஷியஸ் விஷயம் எனக்குத் தெளிவானது. சென்னையில் கம்ப்யூட்டர் என்பது அன்றாடப் பேச்சு. அங்குள்ள ஒரு குழந்தை தமிழ் எழுத்தைக் கற்கும் முன்பே அந்தச் சொல்லைத் தமிழாகவே கேட்டு வளர்கிறது. ரோஸ் ஹில்லிலோ கத்ர் போர்னிலோ வளரும் குழந்தைக்கு வீட்டு மொழி கிரியோல். அதற்கு அந்தப் பெட்டி ஓர்தினாத்தேர். பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில் இருப்பதால் கம்ப்யூட்டர் என்ற சொல்லும் தெரியும்தான், ஆனால் அது தமிழோடு சேர்ந்து வந்த சொல் அல்ல. எனவே தமிழ்நாட்டுப் பழக்கத்தை நம்பி ‘எளிமையாக இருக்கட்டும், ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதிவிடலாம்’ என்று இங்கே முடிவெடுத்தால், அது எளிமையாக இருக்காது. வேறொரு ஊரின் பேச்சுப் பழக்கத்தை இரவல் வாங்கியதாகத்தான் ஆகும்.

எழுத்தளவில் பார்த்தாலும் இது தெரியும். ஆங்கிலத்தின் ‘ட்’ ஒலி தமிழ்க் காதுக்கு டகரமாகக் கேட்கிறது. அதனால்தான் டிக்கெட், கம்ப்யூட்டர், இன்டர்நெட். பிரெஞ்சிலும் கிரியோலிலும் அதே எழுத்து பல்லில் நாக்கு படும் ஒலி, அதாவது நம் தகரம். இங்குள்ள பிள்ளை டிக்கெட் என்று சொல்வதில்லை, திக்கே என்றுதான் சொல்லும். வைஃபை என்ற சொல்லையே பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை வீஃபி என்கிறார்கள், ஸ்பெயினிலும் வீஃபிதான். இந்தத் தீவில் இரண்டும் காதில் விழும். தமிழ்நாட்டு எழுத்துமுறையில் எழுதப்பட்ட ஆங்கிலச் சொல்லை இங்கே வாசிக்கும் பிள்ளை முதலில் அதை ஆங்கிலமாக அடையாளம் காண வேண்டும், பிறகு தமிழ்நாட்டு உச்சரிப்பைப் பிடிக்க வேண்டும். இத்தனை சிரமப்பட்டுக் கிடைப்பது ஏற்கெனவே தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல் மட்டுமே. அதனால் இரண்டாவது வழியை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

மூன்றாவது வழி, கிரியோல் சொற்களைத் தமிழில் எழுதுவது. இதை அவ்வளவு சுலபமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தீவில் தமிழும் கிரியோலும் மிக நீண்ட காலமாகக் கொடுத்து வாங்கி வந்திருக்கின்றன. பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் பிரெஞ்சுக்காரர்களின் காலத்திலேயே, 18-ஆம் நூற்றாண்டில், இங்கே வந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்கள் வந்தது அதற்குப் பிறகு, 1834-ஐ ஒட்டித்தான். முருங்கைக் கீரையை இங்கே எந்தச் சந்தையிலும், எந்த இனத்தவரும், ப்ரெட் முரூம் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். நம் ரசம் இங்கே ரசோன். தமிழ்ச் சொல் கிரியோலுக்குள் போய் உருமாறி நிலைத்தது போல, கிரியோல் சொல்லும் தமிழுக்குள் வரலாமே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

ஆனாலும் வகுப்புக்கு அது உதவாது என்றே நினைக்கிறேன். கிரியோலுக்கு இப்போது தனக்கென எழுத்துமுறை இருக்கிறது. 2012 முதல் அது பள்ளியில் பாடமாகவும் இருக்கிறது. அதே பிள்ளை காலையில் பள்ளியில் எழுதும் சொல்லை மாலையில் கோயில் வகுப்பில் வேறு எழுத்தில் எழுதுவதால் தமிழில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. சொல்லாக அதற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. எழுத்துப் பயிற்சி வேண்டுமானால் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதிப் பழகட்டும்.

ஆக, மீதி இருப்பது கலைச்சொற்கள். தமிழ்நாட்டிலேயே பலர் இவற்றை ‘மேடைத் தமிழ்’ என்று ஒதுக்குவார்கள். மின்னஞ்சல், உலாவி, விசைப்பலகை எல்லாம் புத்தகத்துக்கு மட்டும்தான் என்பார்கள். சென்னையில் இருந்துகொண்டு சொன்னால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அங்கே பாஸ்வேர்ட் என்று ஒரு பேச்சுச் சொல் வாயில் இருக்கும்போது, கடவுச்சொல் கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்கும். இங்கே அந்தப் போட்டியே இல்லை. தமிழ்ப் பேச்சில் பிள்ளைக்கு இரண்டுமே புதியவை. கடவுச்சொல் என்று சொன்னால் ‘சொல்’ அதற்கு ஏற்கெனவே தெரியும். கைபேசி என்றால் ‘கை’ தெரியும், ‘பேசு’ தெரியும். மின்னஞ்சல் என்றால் ‘மின்’ புரிந்ததும் மின்சாரம், மின்விசிறி, மின்னல் எல்லாம் கூடவே வந்துவிடும். தமிழ்நாட்டில் விறைப்பாகத் தோன்றும் சொல் இங்கே பாடமாக மாறுகிறது. இந்தத் தீவில் கலைச்சொல்லுக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான்.

இந்தச் சொற்கள் காகிதத்தில் மட்டும் இருப்பவையும் அல்ல. ஆண்ட்ராய்டு கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள்: அமைப்புகள் இருக்கும், கடவுச்சொல் இருக்கும். பக்கத்திலேயே வைஃபை, புளூடூத், ஆப்ஸ் என்றும் இருக்கும். கலந்துதான் வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் கையில் இருக்கும் பொருளிலேயே அந்தச் சொல் தெரிகிறது என்றால் ஆசிரியரின் பாதி வேலை முடிந்தது.

ஆனால் எந்த நாட்டுக் கலைச்சொல்? இங்கேயும் ஸ்பானியம் ஒரு வழி காட்டுகிறது. மென்பொருள் நிறுவனங்கள் ஸ்பானியத்தை ஒரே மொழியாக வைத்துக்கொள்ள முயன்று பார்த்தன, பிறகு குறைந்தது இரண்டாகப் பிரித்துக்கொண்டன. ஸ்பெயினுக்கு ஒன்று, லத்தீன் அமெரிக்காவுக்கு ஒன்று. இரண்டாவதற்கு மொழிக் குறியீட்டோடு 419 என்ற எண்ணைச் சேர்ப்பார்கள். லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதிக்கு ஐக்கிய நாடுகள் அவை தந்த எண் அது. ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்ற ஒரு சிறு வரியில்கூட வேறுபாடு தெரியும். கடவுச்சொல்லுக்கு இரு பக்கமும் கொன்த்ராசெஞ்யாதான். ஆனால் உள்ளிடுவதற்கு ஸ்பெயினில் ஒரு வினை, மறுகரையில் இன்னொரு வினை. கைபேசி ஸ்பெயினில் மோவில், மறுகரையில் செலுலார். சுட்டியை ஸ்பெயினில் எலி என்றே மொழிபெயர்த்து ரத்தோன் என்கிறார்கள். மறுகரையில் பல நாடுகளில் ஆங்கிலத்தின் மவுஸ் அப்படியே நிற்கிறது. இதற்கிடையே ‘எடு’ என்று பொருள்படும் கொஹேர் என்ற வினை ஸ்பெயினில் மிகச் சாதாரணமானது. அர்ஜெந்தினாவில் அதைப் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது. பொது ஸ்பானியத்தில் எழுதுபவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள்.

தமிழுக்கும் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டுவாரி வடிவங்களைக் கணினி உலகம் வைத்திருக்கிறது. இந்தியாவில் கணினி, இலங்கையில் கணனி என்று எழுதுவோர் பலர், பழைய நூல்களில் கணிப்பொறி. மொரீஷியஸ் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இருப்பதிலிருந்துதான் நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எந்த ஊர்ச் சொல் என்று பார்க்காமல், எந்தச் சொல் நம் பிள்ளைக்குத் திறக்கும் என்று மட்டும் பார்க்க நமக்கு உரிமை கிடைக்கிறது. கைபேசி, அலைபேசி, செல்பேசி, திறன்பேசி என்று நான்கு இருந்தால், நான் யோசிக்காமல் கைபேசியை எடுப்பேன்.

பொறுக்கும்போது சில சொற்களை விலக்க வேண்டியும் வரும். ‘இணைப்பு’ என்ற ஒரே சொல்லை வலைப்பக்க இணைப்புக்கும், மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்புக்கும், இணையத் தொடர்புக்கும் எழுதுகிறார்கள். ‘இணைப்பு இல்லை’ என்றால் மூன்றில் எது இல்லை என்று பத்து வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? நெட்வொர்க் தொடர்புக்குத் ‘தொடர்பு’, மின்னஞ்சலில் ஒட்டி வருவதற்கு ‘உடன் கோப்பு’, தட்டினால் வேறு பக்கம் போவதற்கு மட்டும் ‘இணைப்பு’ என்று பிரித்துவிடலாம். ‘செயலி’யும் அப்படித்தான். கணினிக்குள் இருக்கும் சில்லுக்கும் அதே பெயர், கைபேசியில் நிறுவும் நிரலுக்கும் அதே பெயர். பிள்ளைகளுக்குச் சில்லு தேவைப்படப் போவதில்லை, அதனால் செயலியை நிரலுக்கே விட்டுவிடலாம்.

நிறுவனப் பெயர்களை மொழிபெயர்ப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. முகநூல், புலனம் என்று எழுதுவோரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் திரையில் இருக்கும் சின்னத்தின் கீழே வாட்ஸ்ஆப் என்றுதான் எழுதியிருக்கிறது. ஸ்பானியர்கள் பெயரைத் தொடுவதில்லை, அதிலிருந்து பிறக்கும் செயலைத்தான் தம் எழுத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். ட்விட்டர் ட்விட்டராகவே இருந்தது. அதில் எழுதுவது மட்டும் துயித், துயிதேயார் என்று 2014-ஆம் ஆண்டு அகராதியில் ஏறியது. எல்லாச் சொல்லையும் இப்படி இழுக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சிடி-ரோமைச் செதெர்ரோன் என்று 2001 அகராதியில் சேர்த்தார்கள், மக்களோ பழையபடியே எழுதினார்கள். சாஃப்ட்வேர், ஹார்ட்வேர் இரண்டையும் அயல்சொல் என்ற அடையாளத்தோடு சாய்ந்த எழுத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். நமக்கு மென்பொருள், வன்பொருள் என்று நல்ல சொற்கள் இருக்கும்போது இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களுக்கு முன்னால் நிற்கிறோம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். உண்மையில் எனக்கு அவற்றில் அவ்வளவு பிடிவாதம் இல்லை. ஒரு பிள்ளை மின்னேற்றி என்று சொல்லாமல் சார்ஜர் என்று சொன்னால் நான் திருத்த மாட்டேன். என் பிடிவாதம் எல்லாம் வினைச்சொல்லில்தான்.

ஏனென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வினையாக்க நாம் பெரும்பாலும் செய்வது, பின்னால் ‘செய்’ அல்லது ‘பண்ணு’ ஒட்டுவது. கிளிக் பண்ணு, டவுன்லோட் பண்ணு, ஷேர் பண்ணு, டெலிட் பண்ணு. நான்கு செயலும் தமிழில் ஒரே வினையாகச் சுருங்கிவிடுகின்றன. பண்ணினேன், பண்ணுகிறேன், பண்ணுவேன் மட்டும் தெரிந்தால் போதும். தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. வினையில்தானே நம் மொழியின் உயிர் இருக்கிறது? ஸ்பானியத்திலும் ‘கிளிக் செய்’ என்ற வடிவம் உண்டு. ஆனால் அதோடு நிற்காமல் கிளிகார், கிளிகேயார் என்று முழு வினையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் வினைமுடிவு ஒட்டினால் போதும், சொல் நடக்கத் தொடங்கிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. பதிலாக, நமக்குச் சொந்த வினைகள் நிறைய இருக்கின்றன.

டவுன்லோட் என்பதற்கு ஸ்பானியத்தில் பேச்சில் அதிகம் வருவது பஹார், அதாவது கீழே இறக்கு. மாடியிலிருந்து பெட்டியை இறக்குவதற்கும் அதே சொல். நம் ‘இறக்கு’ அதே வேலையைச் செய்யும், கூடுதலாக ஒன்றையும் செய்யும். ‘பாட்டை இறக்கினேன்’ என்றால் நான் செய்தேன். ‘பாட்டு இறங்கிவிட்டது’ என்றால் அது தானாக முடிந்தது. ‘இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது’ என்றால் காத்திரு என்று பொருள். இறக்கு, இறங்கு, ஏற்று, ஏறு, திருத்து, திருந்து, திருப்பு, திரும்பு. இந்த இணைகளை இலக்கணப் பாடமாக வைத்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கைபேசியில் ஒரு விளையாட்டு இறங்கிக்கொண்டிருக்கும் போது சொல்லிக்கொடுத்தால் ஒரே மாலையில் பிடித்துக்கொள்வார்கள். திரையில் ‘பதிவிறக்கு’ என்று இருக்கும், அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். பேச ‘இறக்கு’ தாராளம்.

பொத்தான்களில் எழுதியிருக்கும் சொற்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெரியவர்கள் வகுப்பில் ஒரு பாட்டி, ‘சேமி, நீக்கு என்று கைபேசி என்னை அதட்டுகிறதே’ என்று முகம் சுளித்தார். கேட்கவேண்டிய கேள்விதான். ஸ்பானியத்தில் இந்தச் சிக்கலை அவர்கள் வினையெச்சம் போன்ற ஒரு வடிவத்தால் தீர்த்தார்கள்: குவார்தார், எலிமினார், கன்செலார். சேமிக்க, நீக்க, ரத்து செய்ய என்பது போல. அதில் நீ, நீங்கள் என்ற பேச்சே எழாது. அங்கே அது அவசியமும்கூட, ஏனென்றால் ‘நீ’ என்பதற்கே அர்ஜெந்தினாவில் ஒரு சொல், ஸ்பெயினில் வேறொரு சொல்.

நாமும் ‘சேமிக்க’ என்று எழுதலாமா? எழுதலாம், அது மரியாதையாகவும் ஒலிக்கும். ஆனால் நான் ‘சேமி’ என்ற பக்கம்தான். பொத்தானில் இருப்பது கைபேசி நமக்கு இடும் கட்டளை இல்லை, நாம் கைபேசிக்கு இடும் கட்டளை. இயந்திரத்திடம் ‘சேமி’ என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. கைபேசி நம்மிடம் கேட்கும் வரிகளில்தான் மரியாதை வேண்டும்: கடவுச்சொல்லை உள்ளிடுங்கள், சற்றுக் காத்திருங்கள். இப்படி விளக்கியதும் அந்தப் பாட்டி அடுத்த நிமிடமே, ‘அப்போ நான்தான் அதட்டுகிறேன், சரி’ என்று தேவையில்லாத படங்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்கும் இதே பாடம் பொருந்தும். ஏவலும் மரியாதைப் பன்மையும் எங்கே எது என்று ஒரு திரையை வைத்தே காட்டிவிடலாம்.

இந்தத் தீவின் தமிழர்கள் மொழி விஷயத்தில் அசட்டையாக இருந்தவர்கள் அல்ல. 1998-இல் வெளிவந்த ரூபாய்த் தாள்களில் தமிழ் வரியும் இந்தி வரியும் இடம் மாறியிருந்ததை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தாளில் தமிழ் எந்த வரிசையில் நிற்கிறது என்பதில் அவ்வளவு அக்கறை காட்டிய சமூகம், பிள்ளைகளின் பேச்சில் தமிழ் வினைகள் நிற்கின்றனவா என்பதிலும் அதே அக்கறையைக் காட்டும் என்று நம்புகிறேன்.

எனவே எங்கள் தாளில் முதல் பாதி முழுக்க வினைகளே: தட்டு, திற, மூடு, தேடு, அனுப்பு, பகிர், சேமி, நீக்கு, இறக்கு, ஏற்று, ஒட்டு, வெட்டு, படம் எடு. இவற்றில் பல, பிள்ளைகளுக்கு வகுப்பில் வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசும்போதே பழகியவை. மறுபாதியில் பெயர்ச்சொற்கள் கொஞ்சமே: கணினி, கைபேசி, திரை, கோப்பு, கடவுச்சொல், மின்னஞ்சல், இணையம், செயலி, இணைப்பு, விசைப்பலகை. வைஃபை, சிம், சார்ஜர், வாட்ஸ்ஆப் ஆகியவற்றைத் தாளில் சேர்க்கவில்லை, அவை எந்த வாக்கியத்திலும் தாமாகவே வந்து உட்காரும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே கிரியோல் சொல்லைக் கிரியோல் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். வீட்டில் தமிழ் தெரியாத அம்மா அப்பாவும் தாளைப் பார்த்துப் பிள்ளையிடம் கேள்வி கேட்க முடிய வேண்டும் அல்லவா?

உங்கள் வகுப்புக்கும் இப்படி ஒரு தாள் தேவைப்பட்டால், பெயர்ச்சொற்களை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இலங்கை ஆசிரியர் இருந்தால் கணனி என்றே இருக்கட்டும். வினைகளை மட்டும் தமிழிலேயே வையுங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் இறந்தகால வடிவத்தையும் எழுதிவிடுங்கள். ‘அனுப்பு’ தெரிந்த பிள்ளைக்கு ‘அனுப்பினேன்’ என்று சொல்ல வரவேண்டும், ‘அனுப்பிவிட்டாயா?’ என்று தோழியைக் கேட்கவும் வரவேண்டும்.